சோத்தோவுக்கு ஊர் பேர் போடுங்க சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சமையல் பக்கத்துல இந்தோனேசியாவோட சோத்தோ சூப் பத்தி போட்டிருந்தீங்க, பாத்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, தமிழ் பேப்பர்ல யாரு சார் சோத்தோ பத்தியெல்லாம் எழுதுறா. ஆனா படிக்கப் படிக்க மனசு கேக்கல. கோழி வெந்த தண்ணில மஞ்சத்தூள் போட்டு, பட்டை கிராம்பு பிரிஞ்சி இலை போட்டு, ரெண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் கரைச்சு ஊத்தி, மேல கொத்தமல்லி தூவி, சாப்பாட்டுக்கு முன்னாடி கப்புல சூடா பரிமாறவும்னு எழுதிட்டு கீழ "இந்தோனேசியாவின் பாரம்பரிய முறை"ன்னு வேற ஒரு வரி. நான் ஸ்பின்னிங் மில் ஆளு, சென்ட்ரல் ஜாவாவுல ஒரு மில்லுல மெயின்டனன்ஸ் பாத்துட்டு இப்போ ஊர்ல ரிட்டையர் ஆகி உக்காந்திருக்கேன், சமையல்காரன் கிடையாது, ஆனா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்தா கேட்டுக்கு எதுத்தாப்ல இருக்குற சோத்தோ கடைலதான் எங்க எல்லாருக்கும் காலை சாப்பாடு, அந்த உரிமைல எழுதுறேன்.

முதல்ல பெரிய விஷயத்த சொல்லிடுறேன். தமிழ்நாட்டுல குழம்பு வைப்பது எப்படின்னு ஒரே ஒரு ரெசிபி எவனாவது போட்டா நாம என்ன கேப்போம், எந்தக் குழம்புடா, வத்தக்குழம்பா மீன்குழம்பா மோர்க்குழம்பான்னு கேப்போம்ல, சோத்தோவும் அந்தக் கதைதான். அங்க கடை போர்டுல வெறும் சோத்தோன்னு எழுதியிருக்கறது ரொம்பக் கம்மி, சோத்தோ லமோங்கான், சோத்தோ குதுஸ், சோத்தோ பெத்தாவி, சோத்தோ பஞ்சார்னு ஊர் பேரோ ஜாதி ஜனத்தோட பேரோ சேத்துத்தான் இருக்கும், ஏன்னா ஒண்ணு தெளிஞ்ச தண்ணி மாதிரி இருக்கும், இன்னொண்ணுல கரண்டி நிக்கும், ஒண்ணுல கோழி, ஒண்ணுல மாட்டுக் குடல், ஒண்ணுல எருமைக்கறி. 2018-ல அந்த நாட்டு சுற்றுலா அமைச்சகம் தேசிய உணவுன்னு அஞ்சு ஐட்டம் எடுத்து சொன்னப்போ ரெண்டாங் (தேங்காப்பால்ல சுண்ட வேகவெச்ச கறி), சத்தே (குச்சில குத்தி சுட்ட கறி), நாசி கோரெங் (வறுத்த சோறு), காடோ காடோ (காய்க்கு வேர்க்கடலை சாஸ் ஊத்துனது) இதோட சோத்தோவும் அதுல இருந்துச்சு, அது சரியான முடிவுதான், அத்தன தீவு இருக்குற நாட்டுல எந்தப் பக்கம் போனாலும் அவங்கவங்க பாணில ஒரு சோத்தோ கிடைக்கும்.

ரெண்டாவது, இது சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கிற சூப்பே கிடையாது சார். இதுதான் சாப்பாடு. சோறோ, வாழையிலைல வேகவெச்ச லொந்தோங்கோ, தென்னங்குருத்துல பின்னி வேகவெச்ச கெத்துபாத்தோ கூட இருக்கும், காலைல ஏழு மணிக்கே ஜனங்க உக்காந்து சாப்பிடுவாங்க. கடைக்காரர் எப்படி ஒரு கிண்ணம் ரெடி பண்ணுவார்னு கொஞ்சம் சொல்றேன், ரெசிபி எழுதுறவங்க இதத்தான் பாக்கணும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள மஞ்சள் பூசுன மாதிரி வெந்து லேசா எண்ணெய்ல பொரிச்ச முழுக் கோழிங்க கொக்கில தொங்கும். அவர் கிண்ணத்துல முதல்ல சோறு வைப்பார், அது மேல ஊறவெச்ச சேமியா (கண்ணாடி மாதிரி இருக்குமே அது, சோஊன்னு சொல்வாங்க), பொடிசா நறுக்குன முட்டைக்கோஸ், முளைகட்டுன பயறு, அப்புறம் கோழிய கத்தியால மெல்லிசா சீவிப் போடுவார். அதுக்கப்புறம் அண்டாலருந்து கொதிக்கிற ரசத்த (நம்ம புளி ரசம் இல்ல, சூப்புத் தண்ணியத்தான் சொல்றேன்) ஒரு கரண்டி ஊத்துவார், ஊத்திட்டு கிண்ணத்த சாச்சு அதே தண்ணிய திரும்ப அண்டாலயே வடிப்பார், மறுபடி ஊத்துவார் மறுபடி வடிப்பார், சோறும் சேமியாவும் உள்ள வரைக்கும் சூடாகற வரைக்கும் இது நடக்கும், கடைசியா ஊத்துறதுதான் நமக்கு. மேல வறுத்த சின்ன வெங்காயம், நறுக்குன செலரி இலை. இவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும், அந்த மனுஷன் கிண்ணத்தப் பாக்கக்கூட மாட்டார், டிவில ஃபுட்பால் பாத்துட்டு இருப்பார்.

அதோட வேலை முடிஞ்சதுன்னு நினைச்சீங்கன்னா இல்ல, மிச்சத்த சாப்பிடுறவங்கதான் முடிக்கணும். டேபிள்ல எலுமிச்சை துண்டு, சம்பால் (மிளகா விழுது), இனிப்பு சோயா சாஸ், உப்பு எல்லாம் இருக்கும், கூடவே தட்டுல பெர்க்கெதெல் (உருளைக்கிழங்க மசிச்சு முட்டைல தோச்சு பொரிச்சது, டச்சுக்காரன் விட்டுட்டுப் போன ஐட்டம்), குச்சில குத்துன காடை முட்டை, கோழி ஈரல், தெம்பே (சோயாவ நொதிக்கவெச்ச கட்டி), அப்பளம், எடுத்ததுக்கு கடைசில கணக்கு சொல்லி காசு குடுக்கணும். ஒரே அண்டாலருந்து வந்த ரசம் பக்கத்து பக்கத்துல உக்காந்திருக்குற ரெண்டு பேர் கிண்ணத்துல வேற வேற ருசில இருக்கும், அதனால "காரம் தேவையான அளவு"ன்னு நீங்க அடுப்புலயே மிளகாத்தூள் போடச் சொன்னது சரியில்ல.

இப்போ நீங்க போட்ட படம். மஞ்சக் கலர்ல, மேல பவுடர் தூவுன மாதிரி இருந்துச்சே, அது சோத்தோ லமோங்கான். கிழக்கு ஜாவால சுரபயாவுக்கு மேக்கால இருக்குற ஊரு லமோங்கான், அந்த ஊர்க்காரங்க பொழப்பு தேடி நாடு பூரா போய் கடை போட்டவங்க, சாயங்காலமானா ரோட்டோரத்துல துணிப்பந்தல் கட்டி, அந்தத் துணில கோழியும் கெளுத்தி மீனும் பெருசா பெயிண்ட் பண்ணி வெச்சிருப்பாங்க, ஜகார்த்தாவுல எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒண்ணு இருக்கும். படத்துல இருக்குற அந்தப் பவுடர் பேரு கோயா. இறால் அப்பளத்தையும் வறுத்த பூண்டையும் சேத்து இடிச்ச பொடி, சூடான ரசத்துல விழுந்ததும் கரைஞ்சு ரசத்த கொழகொழன்னு ஆக்கும், நீங்க கார்ன்ஃப்ளார் போட்டு எதச் செய்யப் பாத்தீங்களோ அத அந்த கோயா செய்யுது, ருசியோட செய்யுது. உங்க ரெசிபில அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, படத்துல மட்டும் இருக்கு. (சைவக்காரங்க கவனிக்கணும், பாக்க பொட்டுக்கடலை மாவு மாதிரி இருக்கும், உள்ள இறால் இருக்கு, எங்க மில்லுல புதுசா வந்த ஒரு தம்பி காய் போட்ட தட்டுல இதத் தூவி நல்லா சாப்பிட்டுட்டு அப்புறம் கேட்டான்.)

நான் இருந்த பக்கம் சென்ட்ரல் ஜாவாங்கறதால குதுஸ் பத்தி கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க, வெட்டுறதா இருந்தா வேற எதையாவது வெட்டுங்க. குதுஸ் வடக்கு ஜாவால ஒரு சின்ன ஊரு, கிராம்பு போட்ட கிரெத்தெக் சிகரெட்டுக்கு பேர் போனது. அங்க சோத்தோ சின்னக் கிண்ணத்துல வரும், மீடியம் சைஸ் கப்புன்னு வெச்சுக்கங்க, ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டாவது கேக்குறதுதான் வழக்கம். கறி கோழி, இல்லேன்னா எருமை. மாடு கிடையாது. முஸ்லிம்கள் பெரும்பான்மையா இருக்குற ஊர்ல ஏன் மாட்டுக்கறி இல்லன்னு கேட்டா எல்லாரும் ஒரே பேரத்தான் சொல்வாங்க, சுனான் குதுஸ். பதினாறாம் நூற்றாண்டுல ஜாவால இஸ்லாத்த பரப்புன ஒன்பது வலிமார்கள்ல ஒருத்தர். அப்போ அந்த ஊர்ல இந்துக்கள் இருந்தாங்க, அவங்க பசுவ கும்பிடுறவங்க, அவங்க மனசு நோகக் கூடாதுன்னு தன்னோட ஆளுங்ககிட்ட பசு அறுக்காதீங்கன்னு அவர் சொன்னதா சொல்றாங்க, பள்ளிவாசல் முத்தத்துல ஒரு பசுவ அலங்காரம் பண்ணிக் கட்டி வெச்சார், அதப் பாக்க வந்த ஜனங்ககிட்ட பேசுனார்னு ஒரு கதையும் இருக்கு. கதை எப்படியோ போகட்டும், அவர் கட்டுன பள்ளிவாசல் இன்னிக்கும் நிக்குது, 1549-ம் வருஷத்து கல்வெட்டு இருக்கு, அதோட மினார் செங்கல்ல, ஜாவாவோட பழைய இந்துக் கோயில் கட்டுற பாணில இருக்கும், பாத்தா நம்ப மாட்டீங்க. இன்னிக்கு குதுஸ்ல பசு அறுக்கறதுக்கு சட்டத் தடை எதுவும் இல்ல, இருந்தும் அந்த ஊர்க்காரங்க சோத்தோவுக்கும் சத்தேக்கும் எருமைதான் வாங்குவாங்க. எங்க லைன் ஃபோர்மேன் ஒருத்தர் குதுஸ்காரர், வேற ஊருக்குப் போனா மாட்டுக்கறி சாப்பிடுவார், சொந்த ஊருக்குள்ள தொட மாட்டார், ஏன் பாக்னு கேட்டா (அங்க பெரியவங்கள பாக்னுதான் கூப்பிடணும், அப்பா மாதிரி) "ஊர் வழக்கம்"னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டு அடுத்த மெஷினுக்குப் போயிடுவார். இவ்வளவு சமாச்சாரம் அந்த சின்னக் கிண்ணத்துக்குள்ள இருக்கு சார், "கோழி அல்லது மட்டன்"னு நீங்க ஒரே வரில போட்டுட்டீங்க.

இது சீனாக்காரங்ககிட்டருந்து வந்ததான்னு பக்கத்துல பெட்டிச் செய்தில ஒரு கேள்வி போட்டு பதில் போடாம விட்டிருந்தீங்க. ஜாவா வரலாறு எழுதுன பிரெஞ்சுக்காரர் டெனிஸ் லொம்பார்ட், செமராங் பக்கத்துல இருந்த சீனர்களோட குடல் சூப்லருந்து வந்திருக்கணும்னு எழுதியிருக்கார். கடல்கரை ஊர்களப் பாத்தா அது நம்புற மாதிரிதான் இருக்கு, தெகால்ல சவுத்தோம்பாங்க, பாத்திக் துணிக்கு பேர் போன பெக்கலோங்கான்ல தவுத்தோம்பாங்க, ரெண்டுலயும் தவ்ச்சோன்னு சோயாவ நொதிக்கவெச்ச விழுது சேரும், அது சுத்தமான சீனச் சரக்கு. சேமியா, முளைப்பயறு, வாத்து மாதிரி வளைஞ்ச அந்த பீங்கான் ஸ்பூன், இதெல்லாமும் அந்தக் கைதான். ஆனா மஞ்சள், மல்லி, எலுமிச்சைப் புல், பேரரத்தை சேத்து அரைச்சு வதக்கிப் போடுறது சீனப் பழக்கம் கிடையாது, அது அந்த மண்ணு. முன்னாடியெல்லாம் தோள்ல காவடித்தண்டு வெச்சு ஒரு பக்கம் அடுப்பும் பானையும் இன்னொரு பக்கம் கிண்ணமும் சோறுமா தூக்கிட்டு தெருத்தெருவா வித்திருக்காங்க, அப்புறம் தள்ளுவண்டி ஆச்சு, அப்புறம் கடை. ஊருக்கு ஊர் மாறுனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன், விக்கிறவன் எந்தத் தெருவுல விக்கிறானோ அந்தத் தெரு நாக்குக்குத்தான அவன் வைப்பான்.

ஜாவாவ விட்டு வெளிய போனா இன்னும் தூரம் போயிடும். சுலவேசி தீவுல மகஸ்ஸார் ஊர்ல அதுக்குப் பேரே ச்சோத்தோ, சோத்தோன்னு சொன்னா அவங்க திருத்துவாங்க. மாட்டுக்கறியும் குடலும் ஈரலும் அரிசி கழுவுன தண்ணில வேகும், வறுத்து அரைச்ச வேர்க்கடலை சேரும், ரசம் பழுப்பா கெட்டியா இருக்கும். சோறு கிடையாது, கெத்துபாத்த பிரிச்சுப் பிரிச்சு ஸ்பூன்ல வெட்டி அதுல முக்கி சாப்பிடணும். ஒரு மெஷின் பார்ட்ஸ் வேலையா அங்க போனப்போ காலைல பத்து மணிக்கு கூட்டம் அலைமோதுது, காலை சாப்பாடும் இல்ல மத்தியானமும் இல்ல, நடுவுல ஒரு வேளை அவங்களுக்கு இதுக்குன்னே இருக்கு. எனக்கு லமோங்கான விட இதுதான் ஒஸ்தி, ஆனா சாப்பிட்டா அன்னிக்கு மத்தியானம் வேலை ஓடாது.

கலிமந்தான்ல (போர்னியோ தீவுல இந்தோனேசியா பக்கம்) பஞ்சர்மாசின், ஆறும் படகுமா இருக்குற ஊரு, அங்க வைக்கிறது சோத்தோ பஞ்சார். நீங்க போட்ட பட்டை கிராம்பு இங்கதான் சார் பொருந்தும்! பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வாசனை தூக்கும், மஞ்சள் பெரும்பாலும் போட மாட்டாங்க, அதனால ரசம் வெளுப்பா இருக்கும், சில வீட்டுல பால் கொஞ்சம் விடுவாங்க. வாத்து முட்டை வைப்பாங்க. கெத்துபாத்தோட குடுத்தா சோத்தோ, அதே ரசத்த சோத்தோட குடுத்தா நாசி சோப்புன்னு பேர மாத்திடுவாங்க. ஆக உங்க ரெசிபி லமோங்கான் படம், பஞ்சார் மசாலா, ஹோட்டல் கார்ன்ஃப்ளார், மூணையும் ஒரே சட்டில போட்டது.

ஜகார்த்தாவோட சோத்தோ பெத்தாவி எல்லாத்துக்கும் நேர் எதிர், தேங்காப்பாலோ மாட்டுப்பாலோ ரெண்டுமோ ஊத்தி, மாட்டுக்கறி, நுரையீரல், குடல் எல்லாம் போட்டு, தக்காளி, பொரிச்ச உருளைக்கிழங்கு, மேல எம்பிங்னு ஒரு கொட்டைய தட்டிப் பொரிச்ச லேசா கசக்குற அப்பளம். சிலர் நெய் சேப்பாங்க. அதே ஜகார்த்தால மதுரா தீவுக்காரங்க கடை சிலதுல டேபிள்ல சாஸ் பாட்டில டமார்னு அடிச்சு வெப்பாங்க, புதுசா வந்தவன் துள்ளி எந்திரிப்பான், அதுக்கே ஒரு கூட்டம் வரும், எனக்கு அது பிடிக்காது, சாப்பிடுற இடத்துல என்ன சார் வெடிச்சத்தம். பாண்டுங் சோத்தோ தெளிவா வெள்ளை முள்ளங்கியும் பொரிச்ச சோயாவும் போட்டது, நம்மாளுங்களுக்கு டக்குனு பிடிக்கும். மழை ஊரு போகோர்ல மஞ்சள் நூடுல்ஸும் ரிசோல்னு ஒரு பொரிச்ச சுருளையும் வெட்டிப் போட்டுத் தருவாங்க. சோக்காராஜால ஸ்ரோத்தோம்பாங்க, வேர்க்கடலை சம்பால். பாடாங்ல கறிய மொறுமொறுன்னு பொரிச்சு கடைசில போடுவாங்க, ஊறுறதுக்குள்ள சாப்பிட்டுடணும்.

சுமத்ரா தீவுல இருக்குற மேடான் ஊர் சோத்தோவ தனியா சொல்றேன், ஏன்னா அந்த ஊர்ல நம்ம ஜனங்க இருக்காங்க. டச்சுக்காரன் காலத்துல டெலி பக்கம் புகையிலைத் தோட்டத்துக்குப் போன தமிழங்க வம்சம், கம்போங் மெட்ராஸ்னே ஒரு ஏரியா இருக்கு, 1884-ல கட்டுன மாரியம்மன் கோயில் இருக்கு. அங்க சோத்தோ தேங்காப்பால் ஊத்தி மஞ்சளா கெட்டியா இருக்கும், கோழியோ இறாலோ போட்டு. உடனே இது நம்மாளுங்க கத்துக்குடுத்ததுன்னு யாராவது வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க, தேங்காப்பால் சுமத்ரா முழுக்க அடுப்படில இருக்கிற சாமான், ரெண்டாங்க பாத்தாலே தெரியும். டச்சுக்காரன் 1890-லருந்து ஜாவாக்காரங்கள சுரிநாமுக்கு தோட்ட வேலைக்கு கப்பல்ல ஏத்துனான், தென் அமெரிக்காவுல இருக்கு அந்த ஊரு, அங்கயும் இப்போ சவோத்தோன்னு சொல்லி அவிச்ச முட்டையும் குச்சியா பொரிச்ச உருளைக்கிழங்கும் போட்டு எல்லா ஜனமும் சாப்பிடுது.

சரி, குறை மட்டும் சொன்னா எப்படி. வாசகர்கள் யாராவது செஞ்சு பாக்கணும்னா லமோங்கான் பாணி நம்ம ஊர்ல முடியும். நாட்டுக்கோழிய உப்பு போட்டு சின்ன தீயில வேகவிடணும், குக்கர் வேணாம், ரசம் கலங்கிடும். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மஞ்சள், இஞ்சி, மல்லி விதை, மிளகு அரைச்சு, கெமிரிங்கற அவங்க ஊர் கொட்டைக்கு பதிலா நாலு முந்திரி (கெமிரி கிடைச்சா பச்சையா அரைச்சு அப்படியே போட்டுடாதீங்க, ஒத்துக்காது, நல்லா வதங்கணும்), அந்த விழுத எண்ணெய் பிரியற வரைக்கும் வதக்கி ரசத்துல சேக்கணும். எலுமிச்சைப் புல்ல தட்டி முடிச்சு போட்டுப் போடுங்க. பேரரத்தை பச்சையா கிடைச்சா போடுங்க, நாட்டு மருந்துக் கடைல காஞ்சு கிடக்குறது கஷாய வாசனை அடிக்கும், அதுக்கு போடாமலே விட்டுடலாம். அவங்க போடுற எலுமிச்சை வகை இலைக்கு நம்ம நாரத்தை இலை ஓரளவு சரிக்கட்டும். நீங்க பிரிஞ்சி இலைன்னு போட்டது அங்க சாலாம் இலை, அது நாவல் மர வகையறா, பிரிஞ்சி வாசனையே வேற, போட்டா பிரியாணி ஞாபகம்தான் வரும். மேல தூவ கொத்தமல்லி வேணாம், செலரி இலை, இப்பல்லாம் காய்கறிக் கடைல கிடைக்குது. வெந்த கோழிய எண்ணெய்ல லேசா பொரிச்சுட்டு பிய்ச்சுப் போடணும், இந்த ஒரு வேலைய யாரும் விட்டுடாதீங்க.

கோயாவுக்கு இறால் அப்பளம் வேணும், சாதா உளுந்தப்பளத்த இடிச்சுப் போட்டா கரையாது, சொதசொதன்னு ஆயிடும், என் வீட்டுக்காரம்மா முயற்சி பண்ணிட்டாங்க.

ஆசிரியர்கிட்ட நான் கேக்கறது ரெண்டுதான். வர்ற ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போட்டு "பாரம்பரிய முறை"ங்கற வரிய எடுத்துடுங்க, படம் லமோங்கானோடதுன்னு போடுங்க. அடுத்த வாரம் ராவோன் பத்தி வரும்னு அறிவிப்பு பாத்தேன், அது கெலுவாக்னு ஒரு கொட்டை போட்ட கருப்பு மாட்டுக்கறி சூப்பு, கிழக்கு ஜாவாவோடது, சோத்தோ இல்ல. அந்தக் கொட்டைல பச்சையா இருக்கும்போது சயனைடு விஷம் உண்டு, பக்குவமா வேகவெச்சு சாம்பல்ல புதைச்சு நொதிக்கவெச்சு அப்புறம்தான் சமையலுக்கு வரும், ஆன்லைன்ல வாங்குறவங்க பக்குவம் பண்ணுனதான்னு பாத்து வாங்கணும்னு தயவுசெஞ்சு ரெசிபிக்கு மேலயே பெரிய எழுத்துல போட்டுடுங்க.

இப்படிக்கு,
மில்லுல வேலை பாத்து ஓய்வு பெற்ற ஒரு வாசகன்,
ராஜபாளையம்.